தண்டல் வீட்டுப் புத்தகத்தின் விலை

நெருக்கடி நிலை வந்த மறுவருஷம், தூத்துக்குடியில் எல்லாரும் மெதுவாகப் பேசப் பழகியிருந்த நேரத்தில், ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று மட்டும் உரக்கப் பேசிக்கொண்டு கடற்கரைத் தெருக்களில் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் எதை வைத்திருந்தாலும் அதைத் தொல்பொருள் மதிப்பறி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, அதன் விலை என்ன என்று அரசாங்கத்திடம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளாமல் வைத்திருப்பது குற்றம் என்றது ஜீப்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவே கலவரப்பட்டுப்போனது. ஒருத்தி வெண்கலக் குத்துவிளக்கைச் சாக்கில் கட்டிக் கிணற்றில் இறக்கினாள். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து, முள்ளை ஒரு வீட்டிலும் ஊசலை ஒரு வீட்டிலுமாக ஒளித்துவைத்தார். ஞானசௌந்தரி என்பவள் ஜீப்புக்குப் பின்னால் ஓடி, படுக்கையில் கிடக்கும் தன் மாமனாருக்கு வயது தொண்ணூற்றெட்டுதான் ஆகிறது என்று மூச்சிரைக்கச் சொன்னாள். ஜீப்பில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டது எதற்கென்று தெரியாமல் அவள் அழுதுகொண்டே திரும்பினாள்.

வளன் மிராந்தா வீட்டிலும் ஒரு பொருள் இருந்தது. வளன், கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டிய தண்டல். புயலில் பாய்மரம் முறிந்து விழுந்தபோதும் சுக்கானை விடாதவர் என்று பேர் வாங்கியவர். தரையில்தான் அவருக்குப் பயம். அதிலும் காக்கிச் சட்டை, கோப்பு, மேசை மணி ஆகிய மூன்றையும் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பொருள் ஒரு புத்தகம். தோல் அட்டை போட்டது. முதல் பக்கம் கிடையாது. எழுத்து அச்செழுத்துதான், ஆனாலும் புள்ளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் காலத்துத் தமிழை வாசிக்க வளன் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் பெண்கள் வந்து அதை வாங்கிப் போய்ப் பெற்றவள் தலைமாட்டில் வைப்பார்கள். பிள்ளை பிறந்ததும் கொண்டுவந்து தந்துவிடுவார்கள்.

இப்போது வளனின் மகள் பேபியே நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் கப்பலில் இருந்தான். போன தடவை முத்தையாபுரத்தில் மாமியார் வீட்டில் பெற்றபோது பிள்ளை அழவேயில்லை. அன்றைக்குப் புத்தகத்தை அங்கே கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அது காரணமில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பேபி தினமும் ஒரு தடவை அந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள்.

"ஏளா பிளாரன்ஸ், ஜீப்புல சொன்னத கேட்டியா?" என்றார் வளன், குசினி வாசலில் நின்றுகொண்டு.

"கேட்டேன். காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவர் மனைவி.

"அந்தப் புஸ்தகம் நூறு வருஷம் இருக்கும்லா?"

"எரநூறு கூட இருக்கும். அத அவன்கிட்ட போயி நீங்க ஏன் சொல்லணும்?"

"சொல்லாட்டா புடிச்சிட்டுப் போயிருவான்."

"சொன்னா?"

அதை வளன் யோசித்திருக்கவில்லை. முந்தின வாரம் துறைமுகத்தில் வேலைபார்த்த ஒருவர் டீக்கடையில், 'இப்பல்லாம் எதுலயும் ருசியில்ல' என்று சொல்லியிருந்தார். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை. டீயைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று விசாரணை நடப்பதாகக் கேள்வி. வளனுக்கு ராத்திரி முழுக்க உறக்கமில்லை. விடிந்ததும் புத்தகத்தை ஒரு துவாலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அலுவலகம் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில் இருந்தது. சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. 'பேச்சைக் குறை' என்று எழுதிய பலகைக்குக் கீழே அதிகாரி சிவனணைந்தபெருமாள் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நிமிர்ந்த உடம்பு, நிமிர்ந்த மீசை. அவர் மேசையில் சிவப்புத் துணியில் சுற்றிய கனமான பொதி ஒன்று சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. அதுதான் விதிப்புத்தகம் என்று பியூன் கிருபாநிதி வளனின் காதில் சொன்னான். அலுவலகம் திறந்த நாளில் வைத்தது. அதன்பிறகு யாரும் அவிழ்த்ததில்லை. விதிகள் எல்லாம் அய்யாவுக்கு மனப்பாடம்.

வளன் துவாலையை விரித்தார். அதிகாரி புத்தகத்தைத் தொடவில்லை.

"இதோட விலை என்ன?" என்றார்.

"அதத் தெரிஞ்சுக்கத்தான்யா வந்தேன்."

"நீரு சொன்னாத்தான்வே அது சரியா தப்பான்னு நாங்க சொல்ல முடியும். ஆனா யோசிச்சுச் சொல்லும். உள்ளதுக்கு மேல சொன்னா அரசாங்கத்த ஏமாத்துன குத்தம். கொறச்சுச் சொன்னா மறைச்ச குத்தம்."

வளனின் முதுகில் வேர்வை இறங்கியது. "எனக்குத் தெரியாதுய்யா."

"தெரியாதுன்னு சொன்னா அது அலட்சியம். மூணுலயும் பெரிய குத்தம் அதுதான்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதேயும். இந்த அலுவலகம் மக்களுக்காகத்தான் இருக்கு. மக்கள் மேல சந்தேகம் இல்லேன்னா இந்த அலுவலகமே தேவையில்ல பாத்துக்கிடும்."

வளன் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்பது அவருக்கே விளங்கவில்லை.

"இது உம்ம கைக்கு எப்படி வந்துச்சு?"

"எங்க அப்பா வச்சிருந்தாருய்யா. அவருக்கு அவங்க அப்பா."

"அப்ப மூணு தலமுறையா மறைச்சு வச்சிருக்கீரு."

"மறைக்கலய்யா. அலமாரியிலதான் இருந்துச்சு."

"அலமாரிக்குக் கதவு உண்டா?"

"உண்டுய்யா."

"பாத்தீரா?" என்றார் அதிகாரி. மணியை அடித்தார். கிருபாநிதி வந்து புத்தகத்தையும் ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, முடிச்சில் அரக்கு வைத்தான். சென்னையிலிருந்து நிபுணர் வந்து பார்க்கும்வரை அது அரசாங்கக் காவலில் இருக்கும் என்றும், வளன் வெளியே இருக்கலாம் என்றும் அதிகாரி சொன்னார். அந்த இரண்டாவது சலுகைக்கு வளன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெறுங்கையோடு வந்தவரைப் பேபி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

"பிள்ள மொகத்தப் பாத்தீயளா?" என்றாள் பிளாரன்ஸ். "வயித்துல ஒண்ணோட இருக்கவ, ஒரு வா கஞ்சி குடிக்க மாட்டேங்கா. இதுக்கு ஜெயிலே தேவலாம்."

"மெதுவாப் பேசு ஏளா. ஜன்னல் தெறந்து கெடக்கு" என்றார் வளன்.

நிபுணர் வந்தார். கண்பார்வை மங்கிய வயதான மனிதர். பொதியைப் பிரித்ததும், முதலில் கைகளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பாதியில் கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தார்.

"இது எங்கே இருந்தது?" என்று கேட்டார் நிபுணர்.

"எங்க வீட்டு அலமாரியிலய்யா."

"இத்தனை காலம், இந்த உப்புக் காற்றில்..." என்று வளனின் தோளைத் தொட்டவர், அதிகாரியின் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். இது விலைமதிப்பற்றது."

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அவர் அதற்குமேல் நிற்கவில்லை. வளனுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணமே, விலைமதிப்பற்ற பொருளை அலமாரியில் வைத்திருந்தவனுக்கு எத்தனை வருஷம் போடுவார்கள் என்ற எண்ணம் வந்தது. ஆனால் அதிகாரி வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார்.

"விலை. மதிப்பு. அற்றது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னபடி எழுதினார். "விலையும் இல்ல, மதிப்பும் இல்ல. அற்றதுன்னா இல்லாதது. கதியற்றவன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி."

"அய்யா, அவரு நல்லதாத்தான சொன்னாரு" என்று வளன் மெல்ல இழுத்தார்.

"எனக்குத் தமிழ் சொல்லித் தாரீரா?"

"இல்லய்யா."

"மதிப்பில்லாத பொருளுக்கு விலை கேட்டு அரசாங்கத்தோட நேரத்த வீணாக்கியிருக்கீரு. அதுக்கு உம்ம உள்ள போட்டிருக்கணும். பாவம்னு விடுதேன். ஆனா மதிப்பில்லாத பழைய காயிதம் பூச்சி பரப்பும். எரிச்சிரணும்னு விதி. வெள்ளிக்கிழம காலையில வந்து நில்லும். உம்ம முன்னாலதான் எரிக்கணும். நாங்க எதையும் ஒளிச்சுச் செய்யதில்ல."

வளன் வீட்டுக்குப் போனார். எரிக்கப் போகிறார்கள் என்பதைப் பிளாரன்ஸிடம் சொல்லவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை கிட்டங்கி முற்றத்தில் ஒரு தார் டிரம்மை வெட்டி நிறுத்தி, உள்ளே ஓலைச் சருகு போட்டிருந்தார்கள். மேசையையும் வெளியே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மேசையில் இரண்டு சிவப்புப் பொதிகள். அலுவலகத்தார் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அதிகாரி பேசத் தொடங்கினார்.

"அரசாங்கம் எதையும் வீணாக்காது. அதனாலதான் இன்னைக்கு எரிக்கோம். ஒரு பொருளோட மதிப்பு அதுக்குள்ள இல்ல. அதப் பத்தி நாங்க எழுதுத எழுத்துலதான் இருக்கு. பழசு பழசுன்னு கட்டிப்பிடிச்சு அழுத மனப்பான்ம போகணும். அதுக்குத்தான் பழசக் காப்பாத்த இந்த அலுவலகத்த ஏற்படுத்தியிருக்கு."

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் ஆகாயத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி, மேசையிலிருந்து ஒரு பொதியை எடுத்துக் கிருபாநிதியிடம் கொடுத்தார். அதில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

கிருபாநிதி அதைப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"நான் பேசும்போது குறுக்க பேசப்பிடாது. துணிய அவுத்துட்டுப் போடு. துணி அரசாங்கச் சொத்து" என்றார் அதிகாரி, கண்ணை இறக்காமலே.

கிருபாநிதி அவிழ்த்தான். கெட்டி அட்டையும் தங்க எழுத்துமாகப் புத்தம்புதிய விதிப்புத்தகம் வெளியே வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்து, பாதியில் பயந்து நின்றுபோனது. வளனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சொன்னால் அதிகாரியைக் குற்றம் சொன்னதாகும். சொல்லாவிட்டால் அரசாங்கப் புத்தகம் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகும். எது பெரிய குற்றம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் தீ பிடித்துக்கொண்டது.

விதிப்புத்தகம் நல்ல தாளில் அடித்தது, திகுதிகுவென்று எரிந்தது. 'என் புத்தகம் என் கண்முன் எரிக்கப்பட்டது' என்று வளன் கையெழுத்துப் போட்டார். அதிகாரி மிஞ்சிய பொதியை எடுத்துத் தம் மேசையில் பழைய இடத்திலேயே வைத்து, ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டார்.

வளன் வீட்டு வாசலை எட்டும்போதே உள்ளே பேபியின் முனகல் கேட்டது. வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி பிச்சம்மாள் வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புஸ்தகம் எங்கம்மா?" என்று பேபி கேட்டாள். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள். "இந்தப் பிள்ளையும் அழாதாம்மா? சொல்லும்மா."

பிளாரன்ஸ் வெளியே வந்து வளனின் சட்டையைப் பிடித்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டா நின்னீய?"

"எல்லாரும்."

"ஒருத்தர்கூட வாயத் தெறக்கலியா?"

"கிருபாநிதி தெறந்தான். மூடிட்டான்."

பிளாரன்ஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவளைத் தடுக்கவும் பயந்து, தனியாக அனுப்பவும் பயந்து, வளன் பின்னாலேயே ஓடினார்.

அலுவலக வாசலில் ஒரு பெரிய கார் நின்றது. சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்திருந்தார். சிவனணைந்தபெருமாள் அவர் முன்னால் மீசை தொங்க நின்றார். வளனும் பிளாரன்ஸும் கதவோரத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

"விதிப்புத்தகம் சரியான பராமரிப்பில் இருக்கிறதா?" என்று கேட்டார் ஆய்வு அதிகாரி.

"தினமும் பூஜையே நடக்கு சார்" என்று சிவனணைந்தபெருமாள் பொதியை அவிழ்த்தார்.

தோல் அட்டை தெரிந்தது. அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை வளன் பார்த்தார். கடலில் விழுந்தவர்களிடம் அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். ஆய்வு அதிகாரி புத்தகத்தைத் திறந்தார். புள்ளியில்லாத எழுத்து. ஒரு வரி ஓடவில்லை. பக்கத்தைப் புரட்டினார், அதுவும் ஓடவில்லை. விதிப்புத்தகத்தைத் தன்னால் வாசிக்க முடியவில்லை என்று கீழதிகாரி முன்னால் எப்படிச் சொல்வது? அவர் நெற்றியிலும் வேர்வை அரும்பியது.

"இது பழைய பதிப்போ?" என்றார், தொண்டையைச் செருமி.

"மொதல் பதிப்பு சார்."

"நினைத்தேன். சாரம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. குழப்பமெல்லாம் புதுப் பதிப்பில்தான். இந்த எட்டாம் பிரிவைப் பாருங்கள், எவ்வளவு தெளிவு!"

"ரொம்பத் தெளிவு சார்" என்றார் சிவனணைந்தபெருமாள்.

அப்போது பிளாரன்ஸ் உள்ளே போனாள். வளன் அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டார்.

"அய்யா, எம் மவளுக்கு வலி எடுத்துட்டு. அந்தப் புஸ்தகத்த அவ தலைமாட்டுல வைக்கணும். ஒரு நேரத்துக்குத் தாங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்."

தன்னையும் மனைவியையும் ஒரே ஜெயிலில் போடுவார்களா, தனித்தனியாகவா என்று வளன் நினைத்தார். பேபியை யார் பார்ப்பார்கள்?

"எந்தப் புத்தகத்தை?" என்றார் ஆய்வு அதிகாரி.

"இந்தா, உங்க கையில இருக்கத."

ஆய்வு அதிகாரி கையிலிருந்ததைப் பார்த்தார். பிளாரன்ஸைப் பார்த்தார். அவர் கண்கள் மெல்லக் கலங்கின.

"கேட்டீர்களா!" என்றார், அறை முழுவதற்குமாக. "பிரசவ வேதனையில் ஒரு பெண் கடவுளைக் கூப்பிடவில்லை, டாக்டரைக் கூப்பிடவில்லை. விதிப்புத்தகத்தைக் கேட்கிறாள்! நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முன்பெல்லாம் மக்கள் சட்டத்துக்குப் பயந்தார்கள். இப்போது பிறப்பதற்கு முன்பே பயப்படத் தயாராக இருக்கிறார்கள். கொடுங்கள்! ஜீப்பில் அனுப்புங்கள்!"

ஊரை மிரட்டிய அதே ஜீப்பில் கிருபாநிதி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜீப் தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் படபடவென்று அடைத்தன. ஞானசௌந்தரி மாமனாரின் முகத்தைப் போர்வையால் மூடினாள்.

பிளாரன்ஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பேபி தலையைத் திருப்பிப் பார்த்தாள். கையை நீட்டி அதன் தோல் அட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். வளன் வாசலில் நின்றார். எதிரே ஜீப், பின்னால் வீடு. இரண்டிலிருந்தும் சத்தமில்லை. எந்த மௌனத்துக்கு அதிகம் பயப்படுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மேரி மாதாவே என்று சொல்ல வாயெடுத்தார், அதுவும் வரவில்லை.

பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பூனையோ என்றிருந்தது. அப்புறம் அது வீறிட்டது.

"பொட்டப்புள்ள!" என்று பிச்சம்மாள் உள்ளிருந்து கத்தினாள். "என்னா தொண்ட!"

வளன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷத்தில் அத்தனை உரக்க ஒரு குரலை, ஜீப்பைத் தவிர, அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை, புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கிருபாநிதி வந்தான். பிளாரன்ஸ் அவன் கையில் சிவப்புத் துணிப் பொதியைக் கொடுத்தாள். அதற்குள் தோணிப் பலகைத் துண்டு ஒன்று இருந்தது. அவன் தூக்கிப் பார்த்தான். விரலால் தட்டிப் பார்த்தான். டொக் டொக்கென்றது.

"அவுத்துப் பாக்கியா?" என்றாள் பிளாரன்ஸ்.

"எதுக்குக்கா? அவுத்தா அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோவும்" என்றான் அவன். பொதியைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். அலுவலகம் அதை வைத்துக்கொண்டு முன்னைப் போலவே நடந்தது.

சென்னைக்குப் போன ஆய்வு அதிகாரி அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் ஓர் உத்தரவு வந்தது: மாவட்டத்தில் கர்ப்பமாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மதிப்பறி அலுவலக விதிப்புத்தகம் ஒரு பிரதி வழங்கப்பட வேண்டும். உடன்குடியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக ஏறினார்கள். வாங்க மறுத்தால் என்ன ஆகுமோ என்று கர்ப்பமில்லாத பெண்களும் வாங்கிக்கொண்டார்கள். பேபிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று சொல்லியும் கேட்காமல், தாமதத்துக்கு வருந்துவதாகச் சொல்லி ஒரு பிரதியைத் தந்துவிட்டுப் போனார்கள். வளன் அதைத் தொடவே பயந்தார்.

பிளாரன்ஸ் அந்த வழியாகப் போன கிருபாநிதியைக் கூப்பிட்டாள். "இத உங்க அய்யாட்ட குடு. அவருக்குத்தான் தேவப்படும்."

அடுத்த வாரம் கிருபாநிதி வந்து, வெளிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வெளிறியிருந்தது.

"என்னல ஆச்சு?" என்று வளன் பதறினார்.

"அக்கா குடுத்துவிட்ட புதுப் புஸ்தகத்த அய்யா தெறந்து வாசிச்சிட்டாரு அண்ணாச்சி. வேலைக்கு வந்ததுலருந்து இதான் மொதல் தடவ. ஒம்பதாம் பக்கம் வரைக்கும் போனாரு. அதுக்கு மேல போவல."

"ஒம்பதாம் பக்கத்துல என்ன?"

"அச்சடிச்ச புஸ்தகம் எதுவும் இந்த அலுவலகத்தோட அதிகாரத்துக்குள்ள வராதாம். தொடவே கூடாதாம். தொட்டா அதிகாரிக்கு என்ன தண்டனன்னு பத்தாம் பக்கத்துல இருக்காம். அதத் திருப்பிப் பாக்க அவருக்குத் தைரியம் இல்ல. ரூமுக்குள்ள கதவ அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மணி அடிச்சாக்கூட திடுக்குனு எந்திரிக்காரு."

வளன் ஜன்னலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் குனிந்து, "அவருக்குமா பயம்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

பிளாரன்ஸ் பேத்தியை மடியில் திருப்பிப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"படட்டும்" என்றாள், மெதுவாகப் பேசாமல். "ஊருக்குள்ள இவ்வளவு பயம் கெடக்கு. அதுல கொஞ்சத்த அவரும் எடுத்துக்கிட்டாருன்னா நமக்குக் கொறையும்லா."